பொன்பாடி தாண்டினா சூடு ஏறுதாம்!

வா நைனா, வா. வண்டியை நிழல்ல போட்டியா? போடு, அதுவும் களைச்சுப் போய்த்தான் வந்திருக்கும். இன்னா சொன்னே, பொன்பாடி செக்போஸ்ட் தாண்டினா முள் சிவப்புக்கு ஏறுது, ராத்திரி இந்தப் பக்கம் திரும்பி வந்தா சமத்தா இறங்கிக்குதா? பேஷ். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் நாம டீ குடிக்கிற இந்த இடமே ஆந்திராவுலதான் இருந்துச்சு. ம.பொ.சி. ஐயா ஊர் ஊரா கூட்டம் போட்டு, ஜெயிலுக்கும் போய், திருத்தணியை இந்தப் பக்கம் இழுத்துக்கினு வந்தாரு. எல்லை மாறினது தாசில்தாருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும். உன் ரேடியேட்டருக்கு யாருடா கெசட்டைப் படிச்சுக் காட்டினது?

இன்னொண்ணு சொன்னியே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ‘காரணமே இல்லாம சூடாகுது பெரிப்பா.’ தத்துவம் படிச்சு, ஊருக்கெல்லாம் தத்துவம் சொல்லிக் கொடுத்து, 1962-ல ஜனாதிபதி நாற்காலியில போய் உக்காந்த ராதாகிருஷ்ணன் பொறந்த ஊர்டா இது. அவரு தலைகீழா நின்னு படிச்சும் அகப்படாத ஒண்ணை, காரணமே இல்லாத காரியத்தை, நீ ஸ்டியரிங் பிடிச்சுக்கினே கண்டுபிடிச்சுட்டே. வர்ற செப்டம்பர் 5 அன்னிக்கு உனக்கும் ஒரு மாலை போடச் சொல்லலாம்.

மேல இருக்கிறவரு கதை தெரியுமில்ல? சூரனை அடிச்சு முடிச்சுட்டு வந்து கோபம் ஆறி உக்காந்த மலைன்னு சொல்லுவாங்க. மத்த ஊர் முருகன் கோயில்ல சஷ்டிக்கு சூரசம்ஹாரம் நடக்கும், இங்க நடக்காது. கூடை கூடையா பூவைக் கொட்டி அர்ச்சனை பண்ணுவாங்க. சாமியே சூடு ஆறின ஊர்ல உன் லாரி ஒண்ணுதான் கொதிச்சுக்கினு நிக்குது.

சரி, இதுவரைக்கும் இன்னா இன்னா வைத்தியம் பண்ணே? வெக்கப்படாதே, சொல்லு. வாட்டர் பம்ப் மாத்தினே. யாரு மாத்தச் சொன்னது? வாட்டர் பம்ப் விக்கிறவரு. நல்ல மனுசன், பொய் சொல்ல மாட்டாரு. அப்புறம் ரேடியேட்டரைக் கழட்டி, மேல் டேங்கைப் பிரிச்சு, கம்பி விட்டுக் குத்தி, திரும்பப் பத்த வெச்சுக்கினு வந்தே. யாரு சொன்னது? ரேடியேட்டர் பட்டறைக்காரரு. அவரும் நல்லவரு. மூடி மாத்தினே, ஹோஸ் மாத்தினே, ஃபேன் பெல்ட் புதுசு போட்டே. இப்ப மெக்கானிக் ஹெட்டை இறக்கணும்னு சொல்றாரு. இறக்கிடு. கும்பாபிஷேகம்னு ஆரம்பிச்சா கோபுரம் வரைக்கும் போகத்தானே வேணும். பாதியில நிறுத்தினா சாமி குத்தம்.

உன் கிளீனர் பையன் செஞ்ச வேலைதான் எல்லாத்துக்கும் மேல. முள் ஏறுதுன்னு முள்ளுக்குப் போற ஒயரையே கழட்டி விட்டுட்டானாமே! ஒரு வாரம் முள் ஏறவே இல்லையாம். அவனை விட்டுடாதே, பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து விடு. தர்மாமீட்டரை ஒடைச்சே ஊர்க் காய்ச்சல் மொத்தத்தையும் இறக்கிடுவான்.

தெர்மோஸ்டாட் வால்வையும் கழட்டி எறிஞ்சுட்டேன்னு நெஞ்சை நிமித்திக்கினு சொன்னே பாரு, அங்கதான் எனக்கு டீ புரையேறிச்சு. அது இன்னா செய்யுதுன்னு தெரியுமா? உள்ளே கொஞ்சம் மெழுகு வெச்சிருப்பான். தண்ணி 80 டிகிரியைத் தாண்டினா மெழுகு இளகி, விரிஞ்சு, வால்வைத் தள்ளித் திறக்கும். அதுவரைக்கும் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாது, இன்ஜினுக்குள்ளயே சுத்தி சீக்கிரம் சூடேறும். நிறைய இன்ஜின்ல இந்த வால்வு இந்தப் பக்கம் திறக்கும்போதே அந்தப் பக்கம் பைபாஸ் வழியை அடைக்கும். நீ அதைப் பிடுங்கி எறிஞ்சா பைபாஸ் ராத்திரி பகலா தொறந்தே கிடக்கும். சூடான தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காம குறுக்கு வழியிலயே இன்ஜினுக்குத் திரும்பி ஓடும். லோடு இல்லாதப்போ இன்ஜின் சூடே ஏறாம டீசலைக் குடிக்கும், லைனர் தேயும். லோடு ஏறினா ஆறத் திணறும். ரெண்டு பக்கமும் நஷ்டம் வர்ற மாதிரி ஒரு வேலையை இவ்ளோ சுலபமா செய்யலாம்னு எனக்கு இத்தனை வயசுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

உன் வண்டி எந்தக் கம்பெனின்னு நான் வாயைத் திறக்க மாட்டேன். எண்ணூர்க் கம்பெனி 1948-ல ஆரம்பிச்சது, ஜாம்ஷெட்பூர்க் கம்பெனி 1954-ல பென்ஸோட கை கோத்து லாரி போட்டது, இந்தக் கடையில உக்காந்திருக்கிறவங்க பாதிப் பேரு அந்தக் கட்சி, பாதிப் பேரு இந்தக் கட்சி. வாயைத் திறந்தா கிளாஸ் பறக்கும். கம்பெனி மேல தப்பு இல்ல. இத்தனை வருஷம் ஜல்லி இழுத்த வண்டிக்கு வயசுக்கேத்த வியாதி வரும். அதைக் கண்டுபிடிக்கத் தெரியாதது ஓட்டுறவன் வியாதி.

முன்னாடி போய் ஒரு பார்வை பார்த்தேன் நைனா. கிரில் எங்கேடா? ஒரு பக்கம் வேல், ஒரு பக்கம் மயில், நடுவுல உங்க சங்கத் தலைவர் கும்பிட்டுக்கினு நிக்கிற ஃப்ளெக்ஸ், அதுக்குக் கீழே ஏர் ஹாரன் நாலு, போன ஆயுத பூஜைக்குக் கட்டின மாவிலை காய்ஞ்சு சருகாகி உள்ளே போய் உக்காந்திருக்குது. எலுமிச்சம்பழம் மிளகாய் வேற. இவ்ளோ பேரைத் தாண்டி காத்து எப்படி உள்ளே போகும், டோக்கன் வாங்கிக்கினா? டர்போ வண்டிக்கு ரேடியேட்டர் முன்னாடி இன்டர்கூலர்னு இன்னொரு தட்டி நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல நெல் உமி, பூச்சி, தூசி எல்லாம் சேர்ந்து கம்பளி நெய்ஞ்சு வெச்சிருக்கும், முன்னாடி நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது. டார்ச் அடிச்சுப் பாரு. இன்ஜின் பக்கமிருந்து வெளியே பார்த்து ஏர் அடி. முன்னாடியிருந்து அடிச்சா குப்பையை இன்னும் உள்ளே தள்ளி பத்திரப்படுத்தின புண்ணியம்தான் வரும். அப்படியே ஃபேனைச் சுத்தி இருக்கிற தகரக் கூண்டையும் பாரு. அது உடைஞ்சுபோச்சுன்னு கழட்டிப் போட்டுட்டா ஃபேன் ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்காது, பக்கத்துல சும்மா கிடக்கிற காத்தையே கலக்கிக்கினு இருக்கும்.

ஃப்ளெக்ஸை இன்னிக்கே அவுத்துடு. தலைவரை வண்டிக்குப் பின்னாடி கட்டு, அங்கேயும் கும்பிட்டுக்கினுதான் இருப்பாரு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது மட்டும்தான் காரணம்னா உன் வண்டி தினமும் சூடாகணும். தலைவரு தினமும்தானே அங்க நிக்கிறாரு? உன்னுது சில நாள் சூடாகுது, சில நாள் ஆகல. அதுதான் விஷயம்.

விட்டு விட்டு வர்ற கோளாறு மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரிடா. நாலு பேரு பார்க்கும்போது அடக்க ஒடுக்கமா உக்காந்திருக்கும். பட்டறை வாசல்ல நிறுத்தி ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட விட்டா முள் நடுவுல நின்னுக்கினு சிரிக்கும். மெக்கானிக்கும் பாவம், இன்னா பண்ணுவாரு? கைக்குக் கிடைச்சதை மாத்துவாரு. அதனால எதை மாத்தலாம்னு கேக்காதே. எப்ப வருதுன்னு கேளு. அதைச் சொல்ல வேண்டியது மெக்கானிக் இல்ல, வண்டியில உக்காந்து போற நீ.

வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி மலைப்படியில படிவிழா நடக்குதில்ல? வள்ளிமலை சுவாமிகள் ஆரம்பிச்சு வெச்சது. 365 படி, படிக்கு ஒரு பூஜை, ஒரு பாட்டு. அத்தனை பொறுமை உனக்கு வேணாம். சூடாகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி எழுது, போதும். லோடா காலியா, மேடா சமமா, எத்தனை மணி, எந்த கியர், முள் ஏறறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் காலும் கையும் இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு. டீசல் கணக்கு எழுதற நோட்டுலயே கடைசிப் பக்கத்துல எழுது. முதலாளிக்குக் காட்டற பக்கத்துல வேணாம், அங்க ஏற்கெனவே கதை நிறைய இருக்குது.

நோட்டு இல்லையா? சரி, நானே கேக்கறேன், நீ வாயைத் திறந்து உண்மையைச் சொல்லு.

முழு லோடு ஜல்லியோட, மத்தியான வெயில்ல, கனகம்மாசத்திரம் தாண்டி திருவள்ளூர் வரைக்கும் போனே. நாலாவது அஞ்சாவது கியர்ல அழுத்தினே. சூடாச்சா? ஆகல. நல்லா யோசிச்சுச் சொல்றியா? ஆகல. அப்ப உன் வாட்டர் பம்ப் நல்லா இருக்குது. பழைய பம்பும் நல்லாத்தான் இருந்திருக்கும், அதை எங்கே போட்டே? இரும்புக் கடையிலயா? சந்தோசம். டீசல் எரியற சூட்டுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கைத் தண்ணிதான் வாங்கிக்கினு போய் வெளியே கொட்டணும். முழு லோடுல அந்த வேலையைச் செஞ்சு முடிக்கிற ரேடியேட்டர் அடைபட்ட ரேடியேட்டர் இல்ல. கீழ் ஹோஸ்கூட சரிதான். அந்த ஹோஸ் நைஞ்சு உள்ளே இருக்கிற கம்பிச் சுருளும் துருப்பிடிச்சுப் போயிருந்தா, இன்ஜினை வேகமா முறுக்கும்போது பம்ப் இழுக்கிற இழுப்புல ஹோஸ் சப்பையா ஒட்டிக்கும். தண்ணி நின்னுடும். வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்க்கறதுக்குள்ள பழையபடி உப்பிக்கும். பல பேரைப் பைத்தியமா அடிச்ச வியாதி அது. ஆனா அது ஹைவேயில வர்ற வியாதி, உனக்கு ஹைவேயில ஒண்ணுமே வரல.

கல்குவாரியில வண்டி வரிசையில ஒரு மணி நேரம் இன்ஜினை அணைக்காம நின்னே. அணைச்சா செல்ஃப் எடுக்காதுன்னு உனக்கு பயம், அது வேற பஞ்சாயத்து, பேட்டரியை இன்னொரு நாள் திட்டிக்கலாம். அப்ப சூடாச்சா? ஆகல. சும்மா நிக்கிறப்போ இன்ஜினுக்கு வேலை கம்மிதான், அதை வெச்சு மட்டும் ஃபேன் நல்லா இருக்குதுன்னு சொல்லிட முடியாது. அதான் பெல்ட்டைக் கட்டை விரலால அழுத்திப் பார்த்தேன். ஒரு விரல் அகலம்கூட இறங்கல, பளபளன்னு தேயவும் இல்ல. உன் வண்டியில ஃபேன் நேரா பெல்ட்ல சுத்தற பழைய ஃபேன். கொஞ்சம் புது வண்டியில சூடு ஏறினாதான் பிடிக்கிற விஸ்கஸ் ஃபேன் வெச்சிருப்பான். அதுல இருக்கிற சிலிக்கோன் எண்ணெய் கசிஞ்சு போனா ஃபேன் சுத்தற மாதிரி சுத்தி ஏமாத்தும். அந்தக் கவலை உனக்கு இல்ல.

அப்ப எங்கதான் சூடாச்சு? ஆடிக் கிருத்திகை அன்னிக்கு. வெறும் வண்டி. காவடி கூட்டத்துக்கு நடுவுல முதல் கியர், ரெண்டாவது கியர், நிறுத்து, எடு, நிறுத்து, எடு. அரக்கோணம் ரோடு முனைக்கு வர்றதுக்குள்ள புஸ்ஸுனு தண்ணி வெளியே. முருகனுக்குக் கோபம்னு நீ தேங்காய் உடைச்சே. பெரியவங்க சொன்னா கேக்க மாட்டே, தேங்காய்க்கடைக்காரர் சொன்னா கேப்பே.

பொன்பாடி கதையும் இதேதான். பைபாஸ் ரோடு இருக்கும்போது ஐயா டிபன் சாப்பிட டவுனுக்குள்ள வர்றாரு. பஸ் ஸ்டாண்ட் முன்னாடி பிரேக், மார்க்கெட்ல பிரேக், ஆட்டோக்காரனுக்கு ஒரு ஹாரன், மாட்டுக்கு ஒரு ஹாரன், மாடு திரும்பிப் பார்க்கலைன்னு நாலு ஹாரனும் சேர்த்து. அப்புறம் செக்போஸ்ட்ல ஊர்ந்து ஊர்ந்து போய், தாண்டி நகரி ரோட்டுல கால் வைக்கும்போது முள் மேல நிக்குது. ராத்திரி லோடோட திரும்பறப்போ ரோடு காலி. பிரேக்குல கால் படறதே இல்ல. சூடும் இல்ல. அதைப் பார்த்துட்டு ஆந்திரா காத்து ஆகலைன்னு சொல்றே. ஆந்திரா காத்து பாவம்டா, அது இன்னா பண்ணிச்சு உனக்கு. உன் வண்டிக் காத்தைப் பாரு.

புரியலையா? ஏர் பிரேக் வண்டியில காத்து எங்கேருந்து வருது? கம்ப்ரசர்ல இருந்து. அது எங்க இருக்குது? இன்ஜின் பக்கத்துலயே ஒட்டிக்கினு, இன்ஜின் ஓடற வரைக்கும் கூடவே ஓடும். காத்தை அழுத்தினா சூடாகும், அதனால கம்ப்ரசர் ஹெட்டுக்கும் இன்ஜின் தண்ணியையே சின்னக் குழாய்ல கொண்டாந்து சுத்த விட்டிருப்பான். போய்ப் பாரு, உன் வண்டியிலயும் ரெண்டு சின்ன ஹோஸ் போகும். ரேடியேட்டர், பம்ப், மூடின்னு ஊரெல்லாம் தேடினே, அந்த ரெண்டு ஹோஸை யாரும் திரும்பிப் பார்க்கல. பிரேக் ஆளுக்கு அது தண்ணி விஷயம், தண்ணி ஆளுக்கு அது பிரேக் விஷயம். எல்லைத் தகராறு அங்கதான் இருக்குது, பொன்பாடியில இல்ல.

அந்தக் கம்ப்ரசர் ஹெட்டுல கேஸ்கெட் கொஞ்சம் போச்சுன்னு வெச்சுக்கோ, இல்ல ஹெட்டுல மயிரிழை விரிசல். ஏர் மீட்டர்ல நீ எவ்ளோ பார்க்கறே? 7, 8 கிலோ. உன் ரேடியேட்டர் மூடி தாங்கறது எவ்ளோ? 7 பவுண்டு மூடின்னா அரை கிலோ. 8 கிலோ காத்து அரை கிலோ மூடிக்கிட்ட வந்து நின்னா அது வழி விடாம இன்னா பண்ணும்? காத்து தண்ணிக்குள்ள புகுந்து தண்ணியை வெளியே தள்ளும். கீழே ஒரு சொட்டு ஒழுகல, வெள்ளைப் புகை இல்ல, ஆயில் வெளுக்கல, ஆனா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அரை பக்கெட் தண்ணி ஊத்தறேன்னு அழுதியே, அந்தத் தண்ணி இப்படித்தான் போச்சு.

உள்ளே நிக்கிற காத்து அதுக்கு மேல விளையாடும். பம்ப் தண்ணியைத் தள்ளும், காத்தைத் தள்ளாது, வெறுமனே சுத்தும். தெர்மோஸ்டாட் இருந்தா, அதைச் சுத்தி காத்துக் குமிழி நின்னா, மெழுகுக்குச் சூடு சரியா போய்ச் சேராது, திறக்க வேண்டிய நேரத்துல திறக்காது. முள்ளுக்குப் போற சென்சார் தண்ணியில முங்கி இருக்கணும். காத்துல நின்னா ஒரு நேரம் ஏத்திக் காட்டும், ஒரு நேரம் இன்ஜின் வேகும்போதுகூட இறக்கிக் காட்டும். உன் முள் குதிக்குதுன்னு சொன்னே இல்ல? நீ ஒயரைச் சந்தேகப்பட்டே. மூடி வேற அழுத்தத்தை விட்டுட்டா, 111 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்க வேண்டிய தண்ணி 100-லயே கொதிச்சுடும்.

பிரேக் மிதிக்க மிதிக்க டேங்க்ல காத்து குறையும், கம்ப்ரசர் திரும்ப அழுத்தும். ஹாரன் அடிச்சாலும் அதே காத்துதான் செலவு. ஹைவேயில டேங்க் நிறைஞ்சுடும், அன்லோடர் வால்வு புஸ்ஸுனு வெளியே விட்டுடும், கம்ப்ரசருக்கு லீவு. லீவுல இருக்கிறப்போ தண்ணிக்குள்ள காத்து போறதில்ல. அதான் லோடோட போனா சமத்து, வெறும் வண்டியோட கூட்டத்துல போனா கொதிப்பு. அந்த நாலு ஏர் ஹாரனும் சட்டத்துக்கு விரோதம்னு எத்தனையோ பேரு சொல்லியிருப்பாங்க. உன் ரேடியேட்டருக்கும் விரோதம்னு நான் சொல்றேன்.

இன்னும் ஒண்ணு. காலையில முதல்ல ஸ்டார்ட் பண்ணா ஏர் ஏற எவ்ளோ நேரம் ஆகுது? பீடி முடிஞ்சு டீயும் முடிஞ்சுடுதா? அப்ப ராத்திரியில டேங்க் மொத்தமும் இறங்கிடுது. எங்கயோ பிரேக் லைன்ல கசிவு. கசியற வண்டியில கம்ப்ரசருக்கு லீவு குறைஞ்சுக்கினே போகும். ஓய்வு குறைஞ்சா சூடு, சூடு ஏறினா ஆயில் கருகி டெலிவரி பைப்ல கரி அடைக்கும், அடைச்சா இன்னும் சூடு, கடைசியில கேஸ்கெட் போகும்.

நான் சொன்னேன்னு நம்பாதே. வாட்டர் பம்ப் விக்கிறவரு சொன்னதையும்தான் நம்பினே. காலையில நீயே பாரு. ராத்திரி முழுக்க நின்ன வண்டி, இன்ஜின் ஐஸா இருக்கும், ஏர் டேங்க் காலி. ரேடியேட்டர் மூடியைத் திற, தண்ணியைக் கழுத்து வரைக்கும் நிரப்பு. கிளீனர் பையனை ஏத்தி ஸ்டார்ட் பண்ணச் சொல்லு, ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாதுன்னு சொல்லு. நீ மேலேருந்து தண்ணியைப் பாரு. கொஞ்ச நேரம் ஆரம்பத்துல உள்ளே நின்ன காத்து வரும், அதை விட்டுடு. அதுக்கப்புறமும் ஏர் மீட்டர் ஏற ஏற குமிழி வந்துக்கினே இருக்குதா, 8 கிலோவுல அன்லோடர் புஸ்ஸுனு விட்டதும் குமிழி நிக்குதா? நின்னா கம்ப்ரசர்தான். சந்தேகமா இருந்தா பிரேக்கை நாலஞ்சு தடவை மிதிச்சு ஏரை இறக்கச் சொல்லு. கம்ப்ரசர் திரும்ப அழுத்த ஆரம்பிச்சதும் குமிழி திரும்ப வந்தா, கம்ப்ரசர் ஐயாவே கையெழுத்துப் போட்டுட்டாருன்னு அர்த்தம். அன்லோடர் விட்ட பிறகும் குமிழி நிக்காம, இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கினா இன்னும் ஜாஸ்தியா வந்தா, அப்ப உன் மெக்கானிக் சொன்னது சரி, இன்ஜின் ஹெட் கேஸ்கெட். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ஹெட்டை இறக்கு.

ஏர் டேங்க்ல தண்ணி வடிக்கிறியா தினமும்? இல்ல. கேட்டதே தப்பு. இனிமே வடி. நிறைய தண்ணி வந்தா அதுவும் சாட்சி. இன்ஜின் அணைஞ்சு நிக்கும்போது அதே விரிசல் வழியா ரேடியேட்டர் தண்ணி கம்ப்ரசருக்குள்ள இறங்கி, காலையில காத்தோட சேர்ந்து டேங்குக்குப் போகும். நீ கூலன்ட் ஊத்தியிருந்தா பச்சையோ சிவப்போ நிறத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிருக்கலாம். நீதான் ரோட்டோர போர் தண்ணியைக் குடம் குடமா ஊத்தறியே. அதுல இருக்கிற உப்பு உள்ளே படிஞ்சு கெட்டியாகும், இரும்பும் துருப்பிடிக்கும். கூலன்ட் விலையைக் கேட்டா தலை சுத்துது, ரேடியேட்டர் விலையைக் கேட்டா சுத்தல.

கம்ப்ரசர்னு தெரிஞ்சா ஹெட்டை மட்டும் கழட்டி முகம் சமமா இருக்குதான்னு பார்க்கச் சொல்லு. விரிசல் இருந்தா ஒட்டுப் போடறேன்னு எவனாவது வந்தா ஓட விடு, பிரேக் சமாச்சாரம், வேற ஹெட் போடு. டெலிவரி பைப்ல கரி எடு. ஏர் கசிவு எங்கேன்னு சோப்புத் தண்ணி தடவிப் பார்த்து அடை. தெர்மோஸ்டாட் புதுசு ஒண்ணு வாங்கி அது இருந்த இடத்துல வை. அப்புறம் கூலன்ட்டை டப்பாவுல போட்டிருக்கிற கணக்குப்படி கலந்து மெதுவா ஊத்து, மூடி இல்லாம இன்ஜினை ஓட விடு, உள்ளே நின்ன காத்து முழுக்க வெளியே வந்து தண்ணி இறங்கினா திரும்ப ஊத்து. அவசரப்பட்டா நீயே காத்தை உள்ளே பூட்டி வெச்சுட்டு, பெரிப்பா சொன்னது பலிக்கலைன்னு இங்க வந்து நிப்பே.

அதுவரைக்கும் வழியில சூடு ஏறினா ஓரம் கட்டு, உடனே அணைக்காதே. கொஞ்சம் ஐட்லிங்ல ஓடட்டும், சூடு சமமா இறங்கும். தண்ணியே இல்லைன்னா மட்டும் உடனே அணை. கொதிக்கிற இன்ஜின்ல பச்சைத் தண்ணியைக் கொட்டாதே, ஹெட் விரிசல் விட்டா அப்புறம் நிஜமாவே கோபுரத்துலருந்து ஆரம்பிக்கணும்.

இன்னா, இப்பவே பார்த்துடலாம்னு எழுந்துட்டியா? எங்க போறே? டேய், டேய், முள் இன்னும் பாதிக்கு மேல நிக்குது, மூடியில கை வெக்காதே! இவ்ளோ நேரம் ஆறின இன்ஜின், காலி டேங்க்னு கத்தினேனே, எந்த ஊர்ல இருந்தே? துணி வெச்சுத் திறப்பானாம். ஆவி துணியைப் பார்த்து பயந்துக்குமா? கீழே இறங்கு. காலையில கிளீனரைக் கூட்டிக்கினு வா, அந்த ஒயர் பக்கம் மட்டும் கை வெக்க வேணாம்னு அவன்கிட்ட சொல்லு. டீக்குக் காசு நீ கொடுத்துடு. வடை எனக்கு ரெண்டு.